மச்சாளுக்குப் பழக்கின விளையாட்டு

போனிலை எண்கட்டங்களைத் தள்ளிச் சேர்க்கிற விளையாட்டு ஒண்டு இருக்குது, இன்ஸ்பெக்டர் ஐயா. இரண்டும் இரண்டும் முட்டினால் நாலு, நாலும் நாலும் எட்டு. புதுசாப் பழகிற ஆக்கள் கண்டபாட்டுக்கு எல்லாப் பக்கமும் தள்ளுவினம். கட்டம் நிறைஞ்சு, அசைய இடமில்லாமல் போயிடும். பெரிய எண்ணைக் கீழ் மூலையொண்டிலை வைச்சிட்டு, மேலை மட்டும் தள்ளாமல் விளையாடவேணும்.

அப்பிடித்தான் சறோஜினிதேவி மச்சாளுக்கும் சொல்லிக் குடுத்தனான். என்ரை மனுசன்ரை அக்கா. அவர் செத்தாப்பிறகு நாரந்தனை வீட்டிலை நாங்கள் ரெண்டுபேரும்தான். பாரிசவாதம் வந்து அவவின்ரை வலப்பக்கம் விழுந்திட்டுது. குளிப்பாட்டுறது, சோறு தீத்துறது எல்லாம் நான். ஒருநாளும் முகம் சுளிச்சதில்லை. அயலட்டையிலை கேட்டுப் பாருங்கோ.

விரலுக்குப் பயிற்சி குடுக்கச்சொல்லி ஆசுப்பத்திரியிலை சொன்னவை. அதுக்குத்தான் விளையாட்டு. முதல் கை நடுங்கி மேலை தள்ளிப்போடுவா. "பொறுங்கோ மச்சாள், புது எண் எங்கை விழுதெண்டு பாத்திட்டுத் தள்ளுங்கோ" எண்டு பக்கத்திலை இருப்பன். நல்ல மாதங்கள் அதுகள்.

பிறகு நான் சொல்லாமலே விளையாடினா. ஒரு பின்னேரம் சுவரைப் பிடிச்சுக்கொண்டு தானே குசினிக்கு நடந்து வந்து போனைக் காட்டினா. ரெண்டாயிரத்து நாப்பத்தெட்டு, வெல்லுற எண்.

"அம்பிகை, இனி உமக்குக் கரைச்சல் இல்லை. நடக்கத் தொடங்கினால் கனடாவுக்கு வரட்டாம் எண்டு மகன் சொல்லுறான்."

"போகப்போறியளோ?"

"ஓம். நீரும் எவ்வளவு காலம் எனக்காகக் கிடந்து மாயிறது?"

மகன் கோபிசங்கர் வேலைக்குப் போயிடுவான். அங்கை அவவுக்கு ஆர் தலை இழுத்துப் பின்னிவிடுவினம்? நான் யோசிச்சுத்தான் செய்தனான். பிரசர் குளிசையை நிப்பாட்டினன். அதே அளவிலை வெள்ளையா ஒரு கல்சியம் குளிசை இருக்குது, அதைக் குடுத்தன். தண்ணியோடை விழுங்கிப்போட்டு, "நீர் ஒருநாளும் மறக்கமாட்டீர்" எண்டுவா. அடுத்தநாளும் குடுப்பன்.

ரெண்டாந்தரம் வந்த பாரிசவாதம் கடும். பேச்சு இல்லை. கண் மட்டும்தான் அசையுது. நான் கிட்டப்போனால் அதையும் மூடிக்கொள்ளுறா. வெளிச்சம் கூசுது போலை.

அம்மாவைப் பாக்க வந்த மகன்தான் அலுமாரிக்குப் பின்னாலை பிரசர் குளிசைகளைக் கண்டவன். உங்களிட்டை நான் ஒண்டும் ஒளிக்கேல்லை. ஓம், நான்தான் செய்தனான், எழுதுங்கோ. எழுதி முடிச்சதும் என்னை வீட்டை போக விடுங்கோ ஐயா. அவவுக்குச் சாப்பாடு தீத்திற நேரம். நான் இல்லாமல் அவவுக்கு ஒண்டும் ஏலாது.