தலகாணிக்கு அடியில் பன்

ரயிலில் நான் காதில் மாட்டிக்கொள்ளும் இயர்போனில் பாட்டு எதுவும் வராது. அடுத்தவர் பேச்சைக் கேட்க அதைவிடத் தோதான வேஷம் கிடையாது. ஐம்பத்திரண்டு வயதில் இப்படி ஒரு பிழைப்பு. அன்று மத்தியானம் ஆவடியில் ஏறி எதிரே உட்கார்ந்த இரண்டு பெண்களின் மடியிலும் பைபிள் இருந்தது. இளையவள் திடீரென்று சொன்னாள்:

“புள்ளைக்கு ஒளிச்சு வெக்கச் சொல்லிக் குடுத்துட்டு வந்துகீறேன்க்கா.”

“இன்னாடி சொல்ற, எஸ்தரு?”

“சபைல கேட்டாங்கன்னு ரெண்டு வருசம் நம்ம ஊட்ல வளத்தேனே, அந்தப் பாப்பாதான். வந்த புதுசுல தலகாணிக்கு அடியில பன்ன ஒளிச்சு வெச்சுக்கும். பெத்தவ புள்ளைய உள்ள வெச்சுப் பூட்டிட்டு ரெண்டு நாளு எங்கியாவது போயிடுவாளாம், அந்த பயம். ‘காலைல கண்டிப்பா சோறு இருக்கும்டா’ன்னு சொல்லிச் சொல்லியே அந்தப் பழக்கத்த மறக்க வெச்சேன்.”

“அதுக்குத்தானே எல்லாரும் ஜெபம் பண்ணோம்?”

“இன்னிக்கு கவர்மெண்டு குழந்தைங்க நலக் கமிட்டில பெத்தவகிட்டயே குடுத்துட்டாங்க. அவ திருந்திட்டாளாம். பாப்பா பைல பிஸ்கட்ட வெச்சு, ‘ஒளிச்சு வெச்சுக்கோ’ன்னு காதுல சொன்னேன். ‘ஏம்மா, காலைல கண்டிப்பா சோறு இருக்குமே’ன்னுச்சு.”

மூத்தவள் எஸ்தரின் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி, வராத பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

திருநின்றவூரில் இறங்கும்போது மூத்தவள் என்னிடம் குனிந்தாள்.

“ஒயரு முனை கீழ தொங்குது சார். பாட்டு நல்லா இருந்துச்சா?”