உப்பில்லாப் பத்தியம்

எனக்குச் சமையல் சுமாராகத்தான் வரும், இன்ஸ்பெக்டர் ஐயா. அதிலும் உப்பு என் கைக்கு அடங்காது. முதல் கவளத்திலேயே என் வீட்டுக்காரர், "உப்பளத்தையே கரைச்சு ஊத்திட்டியா?" என்பார். தட்டு முற்றத்தில் போய் விழும். நாய்க்கு மட்டும் என் சமையல் பிடிக்கும். அவர் பெயரை நான் சொல்லக் கூடாது. ஏட்டய்யாவுக்குத் தெரியும், எழுதிக்கொள்வார்.

ஐப்பசியில் அவர் படுத்தார். உடம்பு கறுத்து, நிற்கக்கூட முடியாமல் துவண்டுபோனார். திருச்சி டாக்டர் என்னைத் தனியே அழைத்தார்.

"உடம்புக்குள்ள ஒரு சுரப்பி வேலைய நிறுத்திருச்சும்மா. அதுக்குப் பதிலாத்தான் இந்த ஊசி. ஸ்டீராய்டுன்னு பேரு, யுத்த சமயத்துல வந்த புது மருந்து. துளிதான், ஆனா ஆளையே தூக்கி நிறுத்தும். திடீர்னு நிறுத்தினா உசுரு தங்காது. சாப்பாட்டுல உப்பையும் குறைக்காதீங்க."

கம்பவுண்டர் நல்லுசாமி தினமும் சைக்கிளில் வந்து ஊசி போட்டார். பொய் சொல்லக் கூடாது, அருமையான மருந்து. பாடையில் ஏற வேண்டியவர் கார்த்திகையில் வில்வண்டி ஏறிக் குன்னத்துக்குப் போனார், பெண் பார்க்க. எனக்குப் பிள்ளை இல்லை, அதனால்.

"தை பொறந்தா அவ வந்துடுவா. நீ மாட்டுக்கொட்டாயில இருந்துக்க" என்றார். மருந்துக்கு இவ்வளவு வீரியம் இருக்குமென்று டாக்டர் சொல்லவில்லை.

மறுநாள் சொன்னேன்: "ஊசி போதும்னு டாக்டர் சொல்லியனுப்பிட்டாருங்க. இனிமே உப்பில்லாப் பத்தியந்தானாம்."

வீரியமான மருந்துக்குப் பத்தியமும் கடுமையாக இருக்கும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அவர் சந்தேகப்படவில்லை, பெருமைப்பட்டார். கம்பவுண்டரைத் திருப்பி அனுப்பினேன். ஊறுகாய்ச் சாடியைப் பரணில் ஏற்றினேன். நானும் உப்பில்லாமலே தின்றேன். அதைப் பார்த்து நாத்தனார் புஷ்பவல்லி கண்கலங்கினாள். "ஒங்கள மாதிரி யாரு அண்ணி பத்தியம் காப்பாங்க?"

அவர் மறுபடி படுத்தார். "ஒரு கல்லு உப்பு குடேன், ரத்தினம்" என்று கெஞ்சினார். கல்யாணமானதிலிருந்து என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அன்றுதான். மனசு உருகிவிட்டது. ஆனாலும் கொடுக்கவில்லை. மத்தியானம் போய்ச் சேர்ந்தார்.

கம்பவுண்டர் திருச்சிக்குப் போய் டாக்டரிடம் கேட்டிராவிட்டால் நீங்கள் இங்கே வந்திருக்க மாட்டீர்கள். தெரிந்துதான் செய்தேன், நான்தான் கொன்றேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதச் சொல்லுங்கள்: பத்தியம் தொடங்கியதிலிருந்து அவர் ஒருதரம்கூடத் தட்டை எறியவில்லை. கடைசியில் என் கைச்சோறு அவருக்குப் பிடித்துத்தான் போயிற்று.