யாரும் இரண்டாம் முறை ஜெயிக்காத தொகுதி

டீ நன்றாக இருக்கிறது, மேடம். ஸ்டேஷன் டீ கழனித் தண்ணீர் மாதிரி இருக்கும் என்பார்கள், சும்மா சொல்கிறார்கள்.

என் பெயர் மரிய ஆல்பர்ட். அரியலூரை ஒட்டிப் புதிதாக முளைத்த நகர் ஒன்றில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எங்கள் தொகுதியின் சரித்திரம் எனக்கு மனப்பாடம். முதல் தேர்தலிலிருந்து யார் நின்றார், யார் தோற்றார், எந்தத் தெரு யாரைக் கைவிட்டது, எதைக் கேட்டாலும் சொல்வேன். அந்தச் சரித்திரத்தில் ஒரே ஒரு விதி உண்டு. எங்கள் தொகுதி யாரையும் அடுத்தடுத்து இரண்டு முறை ஜெயிக்க வைத்ததில்லை. எம்.எல்.ஏ. ஆனவர் அடுத்த தடவை மண்ணைக் கவ்வுவார். இதை வைத்தே ஐந்து தேர்தல்களின் முடிவை முன்கூட்டிச் சொன்னேன், ஒன்றுகூடத் தப்பவில்லை. கட்சிக்காரர்கள் கடைக்கே வந்து கேட்டுவிட்டுப் போவார்கள். எனக்கு அதில் பெருமைதான், மறைப்பானேன்.

இந்தத் தடவை எம்.எல்.ஏ. செல்வநாதன் தோற்பார், முத்தமிழ்செல்வன் ஜெயிப்பார் என்று கடை வாசலில் போர்டே எழுதி வைத்தேன். ஓட்டுப்பதிவுக்கு ஆறு நாள் இருக்கும்போது காற்று வேறு பக்கம் அடிப்பதாகப் பேச்சு கிளம்பியது. டீக்கடை ஜோசப் நாலு பேர் முன்னால், "என்னா ஆல்பர்ட்டு, போர்ட கழட்டிரலாமா? செல்வநாதன் திரும்ப வந்துருவாரு போலருக்கே" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அப்போதுதான் பழைய தேர்தல் ஒன்று ஞாபகம் வந்தது. நான் ஏழாவது படித்த வருஷம். சுயேச்சை ஒருவர் மாரடைப்பில் போய்ச்சேர்ந்ததால் ஓட்டுப்பதிவைத் தள்ளிவைத்தார்கள். கிடைத்த இடைவெளியில் ஜனங்கள் மனசு மாறி, ஜெயிக்க வேண்டியவர் தோற்றுப் போனார். வேட்பாளர் செத்தால் தேர்தல் தள்ளிப்போகும். எல்லாருக்கும் தெரிந்ததுதானே.

மொத்தம் பதினோரு பேர் நின்றார்கள். நான் அய்யம்பெருமாளைத் தேர்ந்தெடுத்தேன். சிமெண்ட் மூட்டை தூக்குகிறவன். தேர்தல் வந்தால் சுயேச்சையாக நிற்பான், அறுபது எழுபது ஓட்டு வாங்குவான், அதற்கே ஒரு வாரம் சிரித்த முகமாகத் திரிவான். அவன் வேட்புமனுவை எப்போதும் நான்தான் பூர்த்தி செய்து கொடுப்பேன். மற்றவர்களுக்கு ஏனென்று கேட்க ஆள் இருந்தது. இவனுக்கு இருந்தது பெண்டாட்டி அம்மாக்கண்ணு மட்டும். அது ஒரு வாயில்லாப் பூச்சி.

மத்தியானம் அவன் வீட்டுக்குப் போனேன். "சாப்ட்டுட்டுப் போங்கண்ணே, கருவாட்டுக் கொழம்பு வச்சிருக்கேன்" என்றாள் அம்மாக்கண்ணு. சாப்பிட்டேன், ருசியாக இருந்தது. நோட்டீசுக்குப் படம் எடுக்கலாம் என்று சொல்லி, கைவிட்ட சுண்ணாம்புக்கல் குழிக்கு அவனைக் கூட்டிப்போனேன். அவன் சின்னம் இஸ்திரிப்பெட்டி. நிஜப் பெட்டியையே கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தான். குழியில் தேங்கிய பச்சை நிறத் தண்ணீர் பின்னால் தெரியட்டும் என்று விளிம்பில் நிற்கச் சொன்னேன்.

"அண்ணே, இந்தத் தடவ நூறு தாண்டிருமா?" என்று கேட்டான்.

"தாண்டும்டா" என்று சொல்லித் தள்ளிவிட்டேன். அவனுக்கு நீச்சல் தெரியாது, பெட்டியும் கனம். இரண்டு தடவை "அண்ணே" என்றான். தண்ணீர் அடங்கும்வரை நின்றிருந்துவிட்டு, அழுதுகொண்டே ஓடி ஊரைக் கூட்டினேன். கால் வழுக்கிவிட்டது என்றேன். நம்பினார்கள்.

மறுநாள் தேர்தல் ஆபீஸில் கையை விரித்துவிட்டார்கள். அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளர் இறந்தால்தான் தள்ளிவைப்பார்களாம், சுயேச்சைக்குக் கிடையாதாம். சட்டம் மாறி முப்பது வருஷம் ஆகிறதாம். அந்தச் சட்டம் அச்சாகியிருக்கும் கையேட்டை எத்தனையோ பேருக்கு நானே ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்திருக்கிறேன், படித்ததில்லை. அன்று நான் பட்ட வேதனை சொல்லி மாளாது, மேடம்.

குறித்த தேதியில் ஓட்டுப்பதிவு நடந்தது. மெஷினில் அவன் பெயர் அப்படியே இருந்தது. அவன் காலனிக்காரர்கள் பாவம் பார்த்து இஸ்திரிப்பெட்டியிலேயே குத்திவிட்டார்கள். ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு ஓட்டு. செல்வநாதன் எழுநூற்று நாற்பது ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஜோசப் என் போர்டு முன்னால் பட்டாசு வெடித்தான்.

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. நானாகத்தான் வந்திருக்கிறேன். நேற்று பூத் வாரியான விவரம் கைக்கு வந்தது. அந்தக் காலனி எந்தக் காலத்திலும் முத்தமிழ்செல்வன் கட்சிக்குப் போடுகிற காலனி. அய்யம்பெருமாள் உயிரோடிருந்து அவனுடைய அறுபதை வாங்கியிருந்தால், மீதி அத்தனையும் முத்தமிழ்செல்வனுக்கு விழுந்திருக்கும். செல்வநாதன் தோற்றிருப்பார். நான் தப்பாகச் சொல்லவில்லை, மேடம். நடுவில் ஒரு கொலை நடந்துவிட்டது. அதற்குச் சாட்சி சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை. பேப்பர்காரர்கள் வந்தால் கொலைச் செய்தியோடு இதையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். ஜோசப் படிக்க வேண்டும்.