ஓடாத பாடமும் பச்சைப் பொத்தானும்

என் பெயர் ஞானசேகரன். பாலிடெக்னிக் ஒன்றில் கணினிப் பாடம் நடத்துகிறவன். அய்யாவு என்னும் தொழிலாளி பாதுகாப்புப் பாடம் கற்றவர் என்று பதிந்து வைத்திருக்கிறார்களே, அந்தப் பாடம் அவர் முன் ஓடவே இல்லை. அதை உங்கள் முன் நிறுவவே இந்த மேதின மேடையில் ஏறினேன்.

முறைமை பிறழாமல் முதலில் வணங்குகிறேன். அவைக்கு அணியாக அமர்ந்திருக்கும் தலைவர் அலர்மேல்மங்கை அம்மையார் அவர்களே! ஆலைகளுக்கு ஆயுளை அளித்து, ஊன்றிய கோலோடு முன்வரிசை நிறைத்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாக வந்த மர்பி டவுனின் அன்னையரே! நீலசந்திராவிலிருந்து நடந்தே வந்த தோழர்களே! உங்கள் நடுவில், கறுப்புக் கண்ணாடி அணிந்து அமர்ந்திருக்கும் தம்பி அய்யாவே! அவர் கரம் பற்றியிருக்கும் தங்கை காந்தாவே! அனைவருக்கும் என் வணக்கம்.

என்ன, பின்வரிசைக்குக் கேட்கவில்லையா? மைக் தம்பி, சற்றுக் கூட்டுங்கள். கேட்காமல் போன குரலால் என்ன நேர்ந்தது என்று பேசவே வந்திருக்கிறேன்.

பீனியா தொழிற்பேட்டையில் ஒரு முலாம் பூசும் ஆலை. விசாரணை நடப்பதால் பெயர் சொல்வது முறையன்று, சொல்ல மாட்டேன். அங்கே வேலைக்குச் சேருகிறவர் வாயிலறைக் கணினிமுன் அமர்ந்து, இணையத்தில் இருக்கும் பாதுகாப்புப் பாடத்தைப் பார்க்க வேண்டும். நல்ல விதி! அந்தப் பாடம் கன்னடத்திலும் தமிழிலும் இந்தியிலும் பேசும். மிக நல்ல விதி! முடிவில் ‘புரிந்தது’ என்னும் பச்சைப் பொத்தானை அழுத்தினால், ‘பயிற்சி பெற்றார்’ என்று பதிவாகும்.

அய்யாவு அமர்ந்தார். அழுத்தினார். பதிவாயிற்று. உள்ளே போனார். அமிலத் தொட்டியில் மட்டம் குறைந்திருக்கக் கண்டார். வாளியில் தண்ணீர் பிடித்து ஊற்றினார். அமிலம் சீறி எழுந்தது. அதற்குப் பின் அவர் தம் மனைவி காந்தாவின் முகத்தைக் கண்டதில்லை.

ஆலை என்ன சொல்கிறது? “கற்றுக் கொடுத்தோம், கற்றும் மீறினார்.” பார்வை போயிற்று, பணி போயிற்று, பழியும் அவர் தலைமேல் ஏறிற்று!

காந்தா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். “சார், எங்கூட்டுக்காரரு சொன்ன பேச்சு தட்டுற ஆளு இல்ல. படமே வரலன்னு சொல்றாரு. கண்ணு போனவன் பேச்ச எவன் சார் நம்புறான்? நீங்களாச்சும் போய் ஒரு தபா பாத்துட்டு வாங்க” என்றார்.

போனேன். அய்யாவு அமர்ந்த அதே நாற்காலியில் அமர்ந்தேன். பாடத்தைத் திறந்தேன். திரையில் என்ன வந்தது? சாம்பல் நிறத்தில் ஒரு வெற்றுப் பெட்டி! அதன் நடுவே, ‘செருகுநிரல் இல்லை’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. கீழே பளிச்சென்று பச்சைப் பொத்தான்.

வாயிலறைப் பொறுப்பாளர் ஓஸ்வால்டைக் கேட்டேன்: “படம் எங்கே?”

“அது வராது சார். ரொம்ப மாசமா இப்டித்தான்.”

“பின் எப்படிக் கற்கிறார்கள்?”

“பச்சைய அமுத்திட்டுப் போய்ட்டே இருப்பாங்க. சும்மா பொட்டியப் பாத்துக்கினு குந்தியிருந்தா மேஸ்திரி ஏசுவாரே! ஒருத்தன் கேட்டான், ‘இன்னாண்ணா, கரண்ட் போச்சா’ன்னு. ‘உனக்கு மட்டுந்தான் போச்சு, நட உள்ள’ன்னேன்.”

சொல்லிச் சிரித்தார். நான் யாருக்காக வந்திருக்கிறேன் என்று சொன்னேன். சிரிப்பு நின்றது.

அன்னையரே, செருகுநிரல் என்றால் என்ன? இணையப் பக்கத்தைக் காட்டும் உலாவிக்குள், அசையும் படத்துக்காகவும் ஒலிக்காகவும் செருக வேண்டிய துணை உறுப்பு. அது ஒரு நிறுவனத்தின் தனியுடைமை. உள்ளே திறந்து பார்க்கவும் கூடாது, திருத்தவும் கூடாது. ஆலைக் கணினியை இயக்கியதோ திறமூல இயங்குதளம். யாரும் திறக்கலாம், திருத்தலாம், பகிரலாம்.

நிபந்தனைகளை வரிவரியாகப் படித்தேன். செருகுநிரலை இயங்குதளத்தோடு சேர்த்துத் தர அதன் உடைமையாளர் அனுமதிக்கவில்லை, இயங்குதளம் தந்தவர் சேர்க்கவில்லை. ஊழியர் எதையும் நிறுவலாகாது என்றது ஆலை, ஓஸ்வால்ட் நிறுவவில்லை. செருகுநிரலின் புதிய பதிப்பில்தான் பாடம் ஓடும் என்றார் பாடம் செய்தவர். அந்தப் புதிய பதிப்பு இந்த இயங்குதளத்துக்கு வெளிவரவே இல்லை. சொல்லுங்கள், யார் விதியை மீறினார்? யார்? ஒருவருமில்லை! விதியை விரும்பி வாழ்கிறவன் நான். வெட்கத்தோடு சொல்கிறேன்: எல்லா விதிகளும் காக்கப்பட்டன, இரண்டு கண்கள் காக்கப்படவில்லை.

“காசு குடுத்து வாங்குற சிஸ்டம் போட்டா மேட்டர் ஓவர் சார்!” என்கிறார் அதோ, உங்கள் நடுவிலிருந்து விக்கி. ஐ.டி. வேலைப் பிள்ளை, சரியாகத்தான் சொல்கிறார். போட்டால் படம் ஓடும். உடைமையாளர் நாளை செருகுநிரலையே நிறுத்திவிட்டால்? மறுபடி சாம்பல் பெட்டிதானே, விக்கி! அந்த இயங்குதளம் பொய் சொல்லவில்லை. ‘என்னால் இயலவில்லை’ என்றது. அய்யாவு அறியாத மொழியில் சொன்னது, ஆனாலும் சொன்னது. பொய் சொன்னது பொத்தான்! ஓடாத பாடத்துக்குக் கீழே ஒளிர்ந்த பொத்தான்!

சென்ற வாரம் அய்யாவை எங்கள் கல்லூரிக்கு அழைத்துச் சென்றேன். படம் ஓடும் கணினி ஒன்றில் பாடத்தைத் திறந்தேன். ஒரு பெண்குரல், தெளிந்த தமிழில், நிறுத்தி நிதானமாகச் சொன்னது: “அமிலத்தைத் தண்ணீரில் ஊற்றுங்கள். தண்ணீரை அமிலத்தில் ஒருபோதும் ஊற்றாதீர்கள்.”

அய்யாவு திரைப்பக்கம் முகம் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். “இன்னொரு வாட்டி போடுங்க சார்” என்றார். போட்டேன். “எவ்ளோ பொறுமையா சொல்லுது அந்தம்மா! இத அன்னைக்கே சொல்லியிருந்தா, நான் கேட்டிருப்பனே சார்” என்றார்.

கைதட்டாதீர்கள். வேண்டாம். இது கைதட்டும் இடமன்று.

உயிர் காக்கும் சொல்லை ஒருவரது உடைமைப் பூட்டுக்குள் வைக்கலாமா? ஊமையாய் நின்ற திரையை ஆசிரியர் என்று அழைக்கலாமா? ஒலிக்காத குரலுக்குச் செவிசாய்க்கவில்லை என்று ஒரு மனிதனைத் தண்டிக்கலாமா?

இவ்வளவு நேரம் செவி தந்தீர்கள். அய்யாவுக்கு வாய்க்காதது எனக்கு வாய்த்தது. தலைவருக்கும் உங்களுக்கும் தலை வணங்கி, நன்றி கூறி, விடைபெறுகிறேன்.

இறங்குமுன் ஒன்று: நாளை தொழிலாளர் அலுவலர் முன் விசாரணை. அந்த வாயிலறைக் கணினியையே கொண்டுவர அவர் உத்தரவிட்டிருக்கிறார். ஆலை மேலாளரை அதன்முன் அமரச் சொல்லப் போகிறேன். பாடத்தைத் திறக்கப் போகிறேன். சாம்பல் பெட்டியைப் பார்த்தபின், அவர் கையாலேயே பச்சைப் பொத்தானை அழுத்தச் சொல்லப் போகிறேன். ‘பயிற்சி பெற்றார்’ என்று பதிவானதும், அய்யாவின் காதருகே அந்த மேலாளரை நிறுத்தி, ஒரே ஒரு கேள்வி கேட்கப் போகிறேன்: “ஐயா, தாங்கள் என்ன கற்றீர்கள்?”