கடைசியாகக் கிடந்த செருப்பு

திங்கட்கிழமை காலை, புதுத் துறைமுகத்துக்குப் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் இருந்த கிரேன் டிரைவர், பக்கத்தில் இருந்த சிநேகிதரிடம் பஸ்ஸுக்கே கேட்கும்படி சொன்னார்.

“நேத்து ஆராதனை முடிஞ்சு, கோயில் வாசல்ல கடைசியா செருப்பு மாட்டுனது நான்தாம்ல!”

“இதுக்கா இம்புட்டுச் சந்தோசம்?”

“பதினோரு வருசமா நான்தாம்ல மொத ஆளு. ராப்போசனம்னு அப்பம் குடுக்க ஆரம்பிக்கவும் எந்திரிச்சு வந்துருவேன். தம்பிய அடிச்ச கைய நீட்டி அப்பம் எப்படி வாங்க? தகுதி வரட்டும்னு இருந்தேன்.”

“இப்ப வந்துட்டாக்கும்?”

“எங்க வந்துச்சு! எம்பொண்டாட்டிதான் கேட்டா, ‘குளிச்சு முடிச்சிட்டா கிணத்துக்குப் போவிய?’ன்னு. போயி முழங்கால் போட்டேன். இந்தக் கையத்தான் நீட்டுனேன். போதகர் அதுலயே அப்பத்த வச்சாரு.”

“அந்தக் கையிலயா?”

“அந்தக் கையிலதாம்ல! அழுகை வரும்னு நெனச்சேன், சிரிப்பு வந்துட்டு.”

பஸ் துறைமுக வாசலில் நின்றது. எழுந்தவரைச் சிநேகிதர் விடவில்லை.

“தம்பிகிட்ட பேசிட்டியா?”

“சாயங்காலம் போறேன். அவன் கதவத் தட்டவும் இந்தக் கைதான்.”