ஐந்தாவது ஃபோல்டர்

அந்த ஸ்கேன் மெஷினைப் பொருத்திப் பூட்டி முடிக்க எனக்கு ஒரு முழுக் காலைப்பொழுது போனது. பெட்டியைப் பிரிப்பதும் மேசையில் ஏற்றுவதும் பெரிய வேலையில்லை. ஸ்கேன் பண்ணும் தாள் நேராகக் கம்ப்யூட்டர்களுக்குப் போய்ச் சேர வேண்டும், அதுதான் வேலை. நான் அதைப் புத்தகத்தில் படித்திருந்தேனே தவிர, கையால் செய்தது அன்றுதான் முதல் தடவை.

நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக மெதுவாகவே சொல்கிறேன் சேர்.

2005 மார்ச் மாதம். கல்முனை பிரதான வீதியில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. சுனாமிக் கடல் வந்து போய் மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. காணாமல் போன பிள்ளைகளைத் தேடிக் கொடுப்பதற்காக ஒரு வெளிநாட்டு நிறுவனம் அதைத் திறந்திருந்தது. நான் சம்மாந்துறையில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தவன். ஆள் தேவை என்றார்கள், போய்ச் சேர்ந்தேன்.

அங்கே இரண்டு வகைப் படிவங்கள் இருந்தன. பிள்ளையைத் தேடுகிறவர் நிரப்புவது ஒன்று. பிள்ளையொன்றைக் கண்டெடுத்து வைத்திருப்பவர் நிரப்புவது மற்றது. மேனுஜா என்ற பாண்டிருப்பு ஊர்ப் பெண் வருகிறவர்களிடம் கேட்டு எழுதுவாள். ஓய்வுபெற்ற ஆசிரியரான சீனிமுகம்மது மாஸ்டர் இரண்டு கட்டுகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வயது, நிறம், மச்சம், தழும்பு என்று ஒவ்வொன்றாக ஒத்துப் பார்ப்பார். மெஷின் வந்த பிறகு அவருக்குக் கட்டு தேவைப்படவில்லை. திரையிலேயே பார்த்துக்கொண்டார்.

நான் செய்தது இவ்வளவுதான். கம்ப்யூட்டரில் நான்கு ஃபோல்டர்கள் திறந்தேன். தேடுவோர், கண்டெடுத்தோர், கொழும்பு, அலுவலகம். அலுவலகத்தில் எல்லோரும் திறந்து பார்க்கும்படி அவற்றைப் பொதுவாக்கினேன். மெஷினுக்கென்று ஒரு பெயரும் பாஸ்வேர்டும் உண்டாக்கி, அந்தப் பெயருக்கு ஃபோல்டர்களில் எழுதும் அனுமதி கொடுத்தேன். பிறகு கம்ப்யூட்டரின் இலக்கத்தையும் ஃபோல்டரின் பாதையையும் மெஷினில் பதிந்தேன். முதலில் போகவில்லை. இரண்டு தரம் பிழை காட்டியது. பாதையில் ஒரு கோடு சரிந்த பக்கம் மாறியிருந்தது. எங்கே பிழை என்று பிடிப்பதற்காக என்னுடைய கம்ப்யூட்டரில் மட்டும் ஐந்தாவதாக ஒரு ஃபோல்டர் திறந்து, அதற்கு டெஸ்ட் என்று பெயர் வைத்தேன். என் அடையாள அட்டையை வைத்து அழுத்தினேன். போய் விழுந்தது. மேனுஜா கை தட்டினாள். மாஸ்டர் எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

வேலை முடிந்த பிறகு டெஸ்ட்டை அழிப்பதுதான் முறை. நான் அழிக்கவில்லை. அன்று என் பையில் ஒரு படிவம் இருந்தது.

அது கண்டெடுத்தோர் படிவம். நிரப்பியது நான்தான், கையெழுத்து வைத்தது என் மனைவி றாஹிலா. கடல் வந்த அன்று கரையோரச் சனமெல்லாம் உழவு மெஷின்களின் இழுவைப் பெட்டிகளில் சம்மாந்துறைக்கு வந்து இறங்கியது. றாஹிலா பள்ளிக்கூடத்தில் சோறு பகிர்ந்துகொண்டிருந்தாள். ஒரு பெட்டியிலிருந்து யாரோ ஒரு மனுசி, "இந்தப் புள்ளையக் கொஞ்சம் புடிங்க" என்று நீட்டினாள். வாங்கினாள். உழவு மெஷின் திரும்பிப் போய்விட்டது. பிள்ளைக்கு இரண்டு, இரண்டரை வயதிருக்கும். தன் பெயர் சொல்லத் தெரியவில்லை. இடது கணுக்காலில் சுட்ட தழும்பு. எங்களுக்குக் கலியாணமாகி ஒன்பது வருடம், பிள்ளையில்லை. றாஹிலா அவளை நுஸ்ஹா என்று கூப்பிட்டாள்.

படிவத்தைக் கொடுக்கச் சொன்னதும் றாஹிலாதான். "பெத்தவ ஆராவது இரிந்தா அவட வயிறு எப்படி எரியும்" என்றாள். அவளை இந்த விசயத்தில் சேர்க்காதீர்கள். நான் படிவத்தைக் கண்ணாடியில் வைத்தேன். ஐந்து ஃபோல்டர் பெயர்கள் மெஷினின் திரையில் தெரிந்தன. டெஸ்ட்டை அழுத்தினேன். அன்று மாலை வீட்டுக்குப் போய்ப் படிவம் கொடுத்தாயிற்று என்றேன். கொடுத்துத்தான் இருந்தேன்.

மெஷின் வந்து மூன்றாம் வாரம் மைமூனா வந்தாள். மருதமுனைக்காரி. புருசனும் மூத்த பிள்ளைகள் இருவரும் கடலில் மூழ்கி மையத்தாகிவிட்டார்கள். கடைசிப் பிள்ளை ஹஸ்னா மட்டும் உயிரோடும் இல்லை, மையத்தாகவும் இல்லை. படம் ஒன்றுமில்லை, எல்லாவற்றையும் கடல் கொண்டுபோய்விட்டது. அவளால் கதிரையில் இருக்க முடியவில்லை. எழும்புவாள், ஜன்னலுக்குப் போவாள், திரும்பி வந்து மேனுஜா எழுதுவதை எட்டிப் பார்ப்பாள். அடையாளம் என்ற இடத்தில், "இடது கால் கரண்டைல தேத்தண்ணி கொட்டின தழும்பு. நான்தான் கொட்டின, எழுதிக்கங்க" என்றாள்.

"நான் அனுப்பிவிடுறன் மேனுஜா" என்று தாளை வாங்கிக்கொண்டேன்.

மைமூனா மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். மூடிக்குக் கீழே வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஓடியது. அவள் அதைக் கண்ணால் பின்தொடர்ந்தாள்.

"போயிட்டா தம்பி?"

"ஓம் ராத்தா. போயிட்டு."

"இப்ப எல்லாருக்கும் தெரியும்தானே?"

"ஓம்."

தாளில் அனுப்பப்பட்டது என்று முத்திரை குத்திப் பெட்டியில் போட்டேன். மெஷின் வந்த பிறகு அந்தப் பெட்டியை ஒருவரும் திறப்பதில்லை. மாஸ்டர் பார்ப்பது திரையை மட்டும்தான். பொலிசிலும் வேறு அலுவலகங்களிலும் அவள் முறைப்பாடு கொடுத்திருந்தாள். அவை நூற்றுக்கணக்கான தாள்களுக்குள் ஒரு தாளாகக் கிடந்தன.

அதன்பிறகு முடிந்த செவ்வாய்க்கிழமைகளிலெல்லாம் வந்தாள். "இன்னொருக்கா அனுப்புங்க தம்பி, ஆரும் பாக்காம உட்டிருப்பாங்க" என்பாள். நான் மறுத்ததில்லை. ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு தாள் நிரப்பி, அவள் முன்னாலேயே வைத்து அழுத்துவேன். வெளிச்சம் ஓடி முடிந்ததும் அவள் முகம் கொஞ்சம் இளகும். அந்த அலுவலகத்தில் அவளை உட்காரவைத்து ஒரு தேத்தண்ணி குடிக்கப் பண்ணியவன் நான் ஒருவன்தான். மேனுஜாவைக் கேட்டுப் பாருங்கள்.

எனக்கும் நிம்மதி இருக்கவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். பாதை மாறியிருக்கிறதா, யாராவது பட்டியலைத் திருத்தியிருக்கிறார்களா என்று ஒரு நாளைக்கு நாலைந்து தரம் மெஷினைப் போய்ப் பார்ப்பேன். நுஸ்ஹாவுக்கு எந்த வெயிலிலும் கணுக்கால் மறைய மேஸ் போட்டுத்தான் வெளியே அனுப்பினேன். கால் வேர்த்துப் புண்ணானபோது மருந்து பூசி மறுபடி போட்டேன். கல்முனைக்கு அவளைக் கூட்டி வந்ததேயில்லை. அந்த வருடம் மாஸ்டர் பதினொரு பிள்ளைகளைத் தாய் தகப்பனிடம் சேர்த்துவைத்தார். ஒவ்வொரு தடவையும் மஸ்கட் இனிப்பு வாங்கிப் பகிர்வார்கள். நானும் சாப்பிட்டேன். உண்மையிலேயே சந்தோசமாகத்தான் இருந்தது.

"ஆராவது தேடி வந்தாங்களா?" என்று றாஹிலா முதல் வருடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். இல்லை என்றேன். பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். அயலில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. படிவம் கொடுத்த பிள்ளைதானே.

அடுத்த வருடம் ஜூலையில் மைமூனா ஒரு புதிய கதையோடு வந்தாள். சம்மாந்துறையில் கடல் கொண்டுவந்த பிள்ளைகள் சில வீடுகளில் வளர்கின்றனவாம், வீடு வீடாகப் போய்க் கேட்கப் போகிறாளாம். எங்கள் வீடு இருப்பதும் சம்மாந்துறையில்தான். ஆனால் குரல் மாறவில்லை.

"ராத்தா, மூதூர்ப் பக்கம் ஒரு பிள்ளை இருக்காம். காலில் தழும்பும் இருக்காம். முதலில் அங்க போய்ப் பாருங்க" என்றேன்.

அப்படி ஒரு பிள்ளை இல்லை. அந்த நிமிடத்தில் வாயில் வந்த ஊர் அது. திருகோணமலைப் பக்கம் நிலைமை சரியில்லை என்பது பேப்பரில் வந்துகொண்டுதான் இருந்தது. அதையும் நான் படித்திருந்தேன். அவள் போய்ச் சேர்ந்து சில நாளில் மூதூரில் சண்டை தொடங்கியது. ஷெல் விழ விழ ஊரே நடந்து கந்தளாய்க்குப் போனது. அவளும் நடந்திருக்கிறாள். பதினேழு நாள் கழித்து வந்தாள். கால்கள் வீங்கி, செருப்பில்லாமல், ஒரு காதில் சத்தம் கேட்காமல். வீட்டுக்குப் போகாமல் நேராக அலுவலகத்துக்கு வந்தாள்.

"அங்க இல்ல தம்பி" என்றாள். "ஆனா நீங்க மட்டும்தான் என்ட புள்ளைக்காக விசாரிக்கிறீங்க. அல்லாஹ் உங்களுக்குப் பறக்கத் செய்வான்."

ஆமீன் என்றேன். அவள் உயிரோடு வந்தது எனக்கு ஆறுதலாக இருந்தது என்றால் நம்புவீர்களோ தெரியாது. வராமல் போயிருந்தால் அதுவும் ஆறுதலாகத்தான் இருந்திருக்கும். பிறகு இரண்டு தரம் வேறு ஊர்களுக்கு அனுப்பினேன். ஒன்று புத்தளம், ஒன்று கிண்ணியா. அப்போது அங்கே ஆபத்திருக்கவில்லை.

போன மாதம் யுத்தம் முடிந்தது. வீதியில் பட்டாசு, பாற்சோறு. வெளிநாட்டுக்காரர்கள் அலுவலகத்தை மூடச் சொன்னார்கள். சாமான்களை ஒரு பாடசாலைக்குக் கொடுக்க வேண்டும். மேனுஜா சரிபார்ப்பதற்காக மெஷினின் பட்டியலை அச்சடித்தாள். என்னை அண்ணன் முறையில் நானா என்றுதான் அவள் கூப்பிடுவாள்.

"நானா, நாலு ஃபோல்டர்தானே. இதில அஞ்சு பேர் கிடக்கு."

"அது பூட்டின நாளில் டெஸ்ட்டுக்குப் போட்டது."

"திறந்து பாத்திட்டு அழிக்கட்டா?"

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். என் கம்ப்யூட்டர்தானே. நான் கதிரையைத் தள்ளி அவளுக்கு இடம் விட்டேன். அவள் ஒவ்வொன்றாகத் திறந்தாள். முதலில் என் அடையாள அட்டை. இரண்டாவது என் படிவம். மூன்றாவதிலிருந்து கடைசி வரை மைமூனா. நூற்று முப்பத்தொரு தரம் அதே பெயர், அதே தழும்பு. மேனுஜா பதினைந்து இருபதோடு நிறுத்திவிட்டு, இரண்டாவதற்குத் திரும்பிப் போனாள்.

"இது உங்கட எழுத்துத்தானே நானா."

"ஓம்."

அவள் மாஸ்டரைக் கூப்பிட்டாள். அவர் திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு பொலிசில் உங்களுக்கு டெலிபோன் எடுத்தார்.

ஏன் அழித்துவிடவில்லை என்று கேட்டீர்கள். ஒரு தாய் கொடுத்த தாளை அழிப்பது சரியில்லை என்று எனக்குப் பட்டது. அதைத் தவிர வேறு காரணம் இல்லை.

நுஸ்ஹாவுக்கு இப்போது ஏழாவது வயது நடக்கிறது. குர்ஆன் ஓதுகிறாள், கணக்கில் கெட்டிக்காரி. அவளை நான் ஒருநாளும் அடித்ததில்லை. நான்கு வருடமும் மூன்று மாதமும் அவளை அவளுடைய உம்மாவிடமிருந்து மறைத்து வைத்தேன். அந்த உம்மா யார், எங்கே இருக்கிறாள், எந்தக் கிழமை வருவாள் என்று தெரிந்துகொண்டே மறைத்து வைத்தேன். இப்படியே எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன்.

ஒரு வேண்டுகோள் இருக்கிறது. இன்று காலை உங்கள் ஆட்கள் மைமூனாவைக் கூட்டி வந்தபோது, பிள்ளை கிடைத்துவிட்டது என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்கள் போலிருக்கிறது. இந்த ஸ்டேசன் வாங்கில் உட்கார்ந்திருந்த என்னைக் கண்டதும் ஓடி வந்தாள். கேட்கும் காதை என் பக்கம் திருப்பி, "நீங்கதான் கண்டுபுடிச்சீங்களா தம்பி" என்றாள்.

ஓம் ராத்தா என்றேன்.

மீதியை அவளுக்குச் சொல்ல வேண்டுமா என்று யோசித்துப் பாருங்கள் சேர். பட்டது போதும் அவளுக்கு. இத்தனை வருடமும் அவள் நம்பியிருந்தது என் ஒருவனைத்தான், அதையும் அவளிடமிருந்து பறிக்க எனக்கு மனம் வரவில்லை.