கேசட்டில் கேட்ட குரல்

— அதெல்லாம் இருக்கட்டும் அன்பு, மொதல்ல அந்தக் கருப்புக் கண்ணாடிய கழட்டு. கடைக்குள்ள என்னா வெயிலா அடிக்குது?

— நான் இப்ப அன்பரசன் இல்ல விருத்தகிரிண்ணே. சூளை கிங். மெட்ராசுல கர்ஜனை மியூசிக் கம்பெனியில வெச்ச பேரு. வெளியில போனா கண்ணாடிய கழட்டக் கூடாதுன்னு ஒப்பந்தத்துலயே இருக்குது.

— கழுத்துல தொங்குறதும் ஒப்பந்தமா? உழவு மாட்டக் கட்டுற சங்கிலி கணக்கா இருக்குது.

— அது வாடகைண்ணே. திங்கக்கெழம திருப்பிக் குடுக்கணும்.

— சரி, ஒக்காரு. ஆம்ப்ளிஃபயர் மேல ஒக்காராத, சுடும். அதாகப்பட்டது, இதே பெஞ்சுலதான ஏழு வருசத்துக்கு முன்னால ஒக்காந்து பாடுன? சுவத்துல அரிசி சாக்க அடிச்சி, ஃபேன நிறுத்திட்டு, வேர்வை ஊத்த ஊத்த.

— மறக்க முடியுமாண்ணே? ரெண்டாயிரத்தி ஒண்ணு. மாசிமகத்துக்கு நாலு நாளு இருக்குது. ‘விருத்தகிரி சவுண்ட் சர்வீஸ் வழங்கும் அன்புவின் அதிரடி’. தேரு பாக்க வந்த கூட்டத்துல நானூறு கேசட்டு போச்சு. இப்ப எத்தனையோ ஏ.சி. ஸ்டூடியோ பாத்துட்டேன். அந்தச் சாக்கு வாசன எங்கயும் வரல.

— என் மைக்குல அதுக்கு முன்னாடி பாட்டுன்னு ஒண்ணு ஏறுனதே இல்லடா. ஆட்டோவுல கட்டிக்கிட்டு, ஆடு காணோம், மண்ணெண்ண வந்துருக்குது, கம்மாபுரத்துல நெலம் எடுக்குறாங்க கூட்டத்துக்கு வாங்க, இதயேதான் கத்திக்கிட்டுத் திரிஞ்சேன்.

— அதாண்ணே, அந்தக் கேசட்டு ஒண்ணு வேணும்.

— எது?

— அதிரடி. ஒண்ணே ஒண்ணு இருந்தா போதும்.

— கேசட்டா? இந்தக் காலத்துல கேசட்ட யாரு கேக்குறா? நீதான் புது கம்பெனிக்குப் போயி சி.டி. போட்டுட்டியே. அத எடு, கேப்போம்.

— அது சாம்பிளுண்ணே. நல்ல ஸ்பீக்கர்லதான் கேக்கணும்.

— சவுண்ட் சர்வீஸ்காரன்கிட்ட வந்து நல்ல ஸ்பீக்கர் இல்லன்னு சொல்ற பாரு, நீ கிங்குதான்.

— விருத்தகிரி, ஞாயித்துக்கெழம மகளிர் குழு கூட்டம், ஒரு மைக் செட்டு வேணும். அட, இது யாரு, வெல்டிங் பட்டறை ஆளா?

— சொர்ணாக்கா, நான்தாங்கா, அன்பு.

— அடப்பாவி! தொப்பியும் கண்ணாடியும் பாத்து மெரண்டுட்டேன். நல்லா இருக்கியா?

— இருக்கேங்கா. நீங்க இன்னும் பீங்கான் கம்பெனியில தட்டிப் பாக்குற வேலதானா?

— வேற என்னா தெரியும் எனக்கு? ஒரு நாளைக்கி ரெண்டாயிரம் ப்யூஸ் கட்டை. தட்டுனா டிங்குன்னா பொட்டிக்கு, டொக்குன்னா குப்பைக்கு. கண்ணுக்குத் தெரியாத விரிசலு காதுக்குத் தெரியும்.

— அந்தத் தட்டலுதானக்கா என் பாட்டுக்கே தாளம்! கம்பெனியில அதக் கேட்டுட்டு இது எந்த நாட்டு வாத்தியம்னு கேட்டாங்க.

— என்னான்னு சொன்ன?

— அழிஞ்சிபோன ஆதிகாலத்து வாத்தியம்னு சொல்லிட்டேன்.

— ப்யூஸ் கட்டையா? வெளங்குச்சு. முந்தானையில பதினாறு கட்டை மறைச்சி எடுத்தாந்து, சூப்பரைசரு பாக்குறதுக்குள்ள திருப்பி வெச்சவ நான். இவன் கையில இருக்குற சி.டி. அட்டையில என்னா எழுதியிருக்குது, படிங்க விருத்தகிரி.

— இரு, மூக்குக்கண்ணாடி போட்டுக்கிறேன். ‘எட்டு வயதில் சூளை நெருப்பில் இறங்கிய பிள்ளை. அவன் சுவாசம் புகை. அவன் மொழி அனல்.’

— யாரு, இவனா? இவங்கப்பா ரேசன் கடையில எடை போட்டவரு. சூளைப் பக்கம் இவன் வந்ததே மத்தியானம் என் தூக்குச்சட்டியிலேருந்து வடகம் எடுத்துத் திங்கத்தான்.

— அது கான்செப்ட்டுக்கா.

— போட்டோவுல மூஞ்சில என்னா கரி?

— கண் மை. பின்னாடி தெரியுற சூளை தெர்மாகோல். மெட்ராசுல செட்டு போட்டாங்க.

— இங்க நெசச் சூளை வரிசையா நிக்குதேடா!

— இங்க உள்ளது பாக்க சூளை மாதிரி இல்லன்னுட்டாங்கக்கா.

— சொர்ணாம்பா, இவன் பேசிக்கிட்டே இருப்பான். நான் போட்டுடுறேன் சி.டி.ய.

— அண்ணே வேணாம்ணே, அப்புறம்...

— போட்டாச்சு. அடேங்கப்பா, என்னா இடி! ஷோகேஸு கண்ணாடி அதிருது பாரு.

— அன்பு.

— என்னாக்கா?

— இது நீ இல்லியே.

— மிஷின்ல ஏறுனா கொரலு மாறும்க்கா. அதிரடி கேசட்ட மொத மொத போட்டுக் கேட்டப்பவே நான் விருத்தகிரிண்ணன்கிட்ட கேட்டேன், என்னாண்ணே நான் மாதிரியே இல்லன்னு. அவனவன் கொரலு அவனவனுக்கு அந்நியமாத்தான்டா இருக்கும்னு அண்ணன் சொன்னாரு. சொன்னீங்களா இல்லியா?

— சொன்னேன், சொன்னேன்.

— அதுக்கப்புறம் ரோட்டரி ஃபங்ஷன்ல மேடையேறுனப்பகூட, கேசட்டு மாதிரி இல்லியேன்னு கூட்டத்துல ஒருத்தன் கத்துனான். அப்பவும் அண்ணன்தான், மைக்கு சரியில்லடான்னு தேத்துனாரு.

— அவரு நல்லாத்தான் தேத்துவாரு. என் காதுக்குக் கத சொல்லாத தம்பி. ரெண்டு வரி கேட்டதுமே டொக்குன்னுடுச்சு. யாரு இது?

— அண்ணா நகர் பையங்கா.

— எந்தப் பையன்?

— காலேஜு படிக்கிறான். பேருகூட எனக்கு முழுசாத் தெரியாது. அண்ணே, அத நிறுத்துங்க. நான் எல்லாத்தையும் சொல்லிடுறேன்.

— நிறுத்திட்டேன். சொல்லு.

— கம்பெனி முதலாளி ஒருநாளு சேத்தியாத்தோப்புல காரு பஞ்சராயி நின்னுருக்காரு. டீக்கடையில அதிரடி ஓடிக்கிட்டு இருந்துருக்குது. டீய குடிக்காம நின்னு கேட்டுட்டு, கடைக்காரர்கிட்ட கெஞ்சி கேசட்ட வாங்கிட்டுப் போயிட்டாரு. அதுல இருக்குற பேர வெச்சி என்னக் கண்டுபுடிச்சாங்க. ஸ்டூடியோவுல நான் வாயத் தொறந்தேன். இது இல்ல, கேசட்டுல ஒரு காரம் இருந்துச்சே அது எங்கன்னாரு. இருவது நாளுண்ணே. மிளகுத்தண்ணி குடுத்தாங்க, பட்டினி போட்டாங்க, பெசண்ட் நகர் பீச்சுக்குக் கூட்டிக்கிட்டுப் போயி கத்தவுட்டாங்க. கடைசியில அந்தப் பையனப் பாடவெச்சி, மேல என் போட்டோவ ஒட்டிட்டாங்க. மேடையில நான் வாயசைக்கணுமாம்.

— அடக் கடவுளே. உங்கம்மாவுக்குத் தெரியுமா?

— தெருவுல எல்லாருக்கும் போட்டுக் காட்டணும்னு சி.டி. பிளேயரு வாங்கி வெச்சிருக்குதுக்கா. பெத்த காது ஏமாறுமா? வெள்ளிக்கெழம பத்தாயிரம் அச்சுக்குப் போவுது. முதலாளிகிட்ட இருந்த கேசட்டு காரு டேப்புலயே சிக்கி நாராப் போயிடுச்சு. இன்னொண்ணு கொண்டா, அந்தக் கொரல அப்படியே உருவி இதுல வெச்சிடலாம்னு சொல்லியிருக்காரு. என் கொரலு ஒழுங்கா இருக்குறது இந்த ஒலகத்துலயே அந்தக் கேசட்டு ஒண்ணுலதாண்ணே.

— தேடிப் பாக்கணும் தம்பி. கடைய ரெண்டு தரம் வெள்ளையடிச்சாச்சு. எங்க கெடக்குதோ என்னாவோ.

— மேல் பரணுல, பச்சைப் பொட்டியில. நான் வரும்போதெல்லாம் பாக்குறேன்ல?

— நீ சும்மா இரு சொர்ணாம்பா.

— ஏழு வருசமா சும்மாத்தான இருக்கேன்? புள்ள மூஞ்சப் பாருங்க. எடுங்க பொட்டிய.

— இந்தா. புடி. போட்டுக் கேட்டே ஆவணுமா?

— போடுங்கண்ணே! ஐயோ, கேளுங்கக்கா, கேளுங்க. மூச்சு விடுறானா பாருங்க! என்னா வேகம், என்னா எகத்தாளம்! இருவது வயசுல எனக்கு எங்கேருந்துண்ணே வந்துது இந்தத் திமிரு? இதோ, இந்த எடம்! கடலூர் பாசஞ்சர் ஹாரன். கம்பெனியில இத எஃபெக்ட்டுன்னு நெனச்சி கை தட்டுனாங்க. எனக்குத்தான் அன்னைக்கி ரயிலு போனதே ஞாபகம் இல்ல.

— பாடுற வேகத்துல உனக்கு எங்க கேக்கும்? நிறுத்திடுறேன், டேப்பு பழசு.

— இருங்கண்ணே, முதலாளி போனு. சார் வணக்கம் சார்! கெடச்சிடுச்சு சார்! கையில வெச்சிருக்கேன்... ஆமா சார், ரெக்கார்டு பண்ணவரே பக்கத்துலதான் இருக்காரு... குடுக்குறேன் சார். அண்ணே, பேசணுமாம்.

— நானா? வேணாம்டா. தொண்ட கட்டியிருக்குது.

— காலையில எங்க தெருவுல தண்ணி வரி கட்டச் சொல்லிக் கத்திக்கிட்டுப் போனப்ப நல்லாத்தான இருந்துது? பேசுங்க விருத்தகிரி.

— நீ ஒருத்தி... ஹலோ, வணக்கம் சார். விருத்தகிரி சவுண்ட் சர்வீஸ். அதாகப்பட்டது, மேற்படி கேசட்டானது நம்ம ஜங்ஷன் ரோடு கடையிலதான் பதியப்பட்டது சார்... ஹலோ? ஹலோ? இந்தாடா, உங்கிட்டயே குடுக்கச் சொல்றாரு.

— சொல்லுங்க சார்... இல்ல சார், கேசட்டு ஓடல, நிறுத்தியாச்சு... இப்பப் பேசுனது அவருதான் சார்... பாடகரெல்லாம் இல்ல, ஆட்டோவுல மைக் கட்டி ஆடு காணோம்னு சொல்றவரு... என்னா சார்?... சரிங்க சார். அண்ணே, அவரு என்னமோ சொல்றாரு. கேசட்டுல கேட்ட கொரலு இதுதானாம். உங்களக் கையோட கூட்டிக்கிட்டு வரச் சொல்றாரு. ஏண்ணே தலையக் குனிஞ்சிக்கிறீங்க?

— இனிமேலயாச்சும் சொல்லுங்க விருத்தகிரி.

— நீ பாடிட்டு, விழாவுக்குக் கோட்டு தைக்கப் பாண்டிக்குப் போயிட்ட. மறுநாளு திட்டக்குடி பக்கம் மங்களூர்ல ஒரு காதுகுத்து. நாயனம், வாழ்த்துப் பேச்செல்லாம் பதிஞ்சி குடுக்கணும். பையில இருந்த உன் பாட்டு கேசட்டயே பாக்காம போட்டுப் பதிஞ்சிட்டேன்டா. அழிஞ்சது திரும்பி வந்து கேட்டாத்தான் தெரிஞ்சிது. தேருக்கு ரெண்டு நாளு, ஊரெல்லாம் நோட்டீசு ஒட்டியாச்சு. ஒங்கிட்ட சொல்ல மனசு வரல. சொர்ணாம்பாள மறுபடி தட்டச் சொல்லிட்டு, நீ பாட்டு எழுதிவெச்ச காயிதத்தப் பாத்து நானே கத்திட்டேன்.

— அப்ப நான் பாடுனது?

— அது மங்களூர்ல எவனோ ஒருத்தன் வூட்டு அலமாரியில, காதுகுத்துக்கு அடியில கெடக்குது தம்பி.